மூட்டை நிறையக் காற்று

முதல் தடவை அல்கான்குவின் காட்டுக்குள் கேனூவில் போனபோது நான் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போட்டிருந்தேன். மே மாதக் கடைசி. டொரான்டோவை விட்டுக் கிளம்பும்போது நல்ல வெயில். இரண்டாம் நாள் பிற்பகலில் ஒரு தூறல் வந்தது. அடைமழை ஒன்றும் இல்லை, ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் அன்று மாலை நெருப்பு மூட்டத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தால், குச்சியை உரச முடியவில்லை. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருபது வருடமாகக் கேனூ வலிக்கிற நண்பர் தீப்பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நெருப்பு அப்புறம். முதலில் அந்த ஜீன்ஸைக் கழற்றுங்கள்" என்றார்.

வெப்பமானி அப்போது பத்து டிகிரி காட்டியது. ஊட்டியில் டிசம்பர் இரவு அதைவிடக் குளிரும். உறைபனியில் விறைத்தேன் என்றால் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். பத்து டிகிரியில், ஒரு தூறலில், வளர்ந்த மனிதனுக்குக் குச்சி உரச முடியாமல் போவது எப்படி? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டுவதில் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அல்கான்குவின், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. 1893இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 2,400க்கு மேற்பட்ட ஏரிகள். தெற்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு 60ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. அதை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டுமானால் பெரும்பாலும் நீர்தான் வழி. 2,000 கிலோமீட்டருக்குக் கேனூத் தடங்கள் இருக்கின்றன. பெரிய நகரத்திலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இப்படி ஒரு காடு இருப்பதால், டொரான்டோவின் தமிழர்களும் இப்போது கோடையில் அங்கே கூடாரத்தோடு கிளம்பிவிடுகிறார்கள்.

கேனூ என்பது இரண்டு முனையும் கூராக, மேலே திறந்த, ஒற்றை அலகுத் துடுப்பால் வலிக்கும் நீண்ட ஓடம். இந்தப் பகுதியின் பூர்வகுடிகள் அதை பிர்ச் மரப்பட்டையால் செய்தார்கள். தேவதாரு வகை மரச் சட்டங்கள் வைத்து, மரவேரால் தைத்து, தையலைப் பிசினால் அடைத்தார்கள். பெயர் வந்தது கரீபியத் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து, ஸ்பானியர் வழியாக. ஆங்கிலம் படகுகளுக்காகக் கடன் வாங்கிய இன்னொரு பெயர் நம்முடைய கட்டுமரம். இரண்டும் மிதக்கும் விதம் வேறு. கட்டுமரத்தில் அலை ஏறும், வழியும். அதைப் பற்றிக் கவலையில்லை, மரமே மிதக்கிறது. கேனூ மிதப்பது அதன் வயிற்றில் இருக்கும் காற்றால். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதை முடிந்தது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடுப்பிலிருந்து படுக்கை வரை, மூட்டைக்குள் போகும் அநேகமாக எல்லாப் பொருளின் கதையும் இதுதான்.

ஆனால் உடுப்புக்குப் போவதற்கு முன் பாரத்தைப் பேசிவிட வேண்டும். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே நிலம் வருகிறது. அங்கே இறங்கி, மூட்டையோடு படகையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இதற்கு போர்ட்டேஜ் என்று பெயர். பிரெஞ்சில் 'சுமத்தல்' என்று பொருள். கரையில் ஒரு மஞ்சள் பலகை நிற்கும், அதில் தூரம் மீட்டரில் எழுதியிருக்கும். சிலது நூறு மீட்டர். சிலது இரண்டு கிலோமீட்டர். டிக்சன் ஏரிக்கும் பான்ஃபீல்டு ஏரிக்கும் நடுவே இருப்பது ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பொருளை எல்லாம் ஒரே நடையில் கொண்டுபோக முடிந்தால், ஒரு கிலோமீட்டர்ப் போர்ட்டேஜுக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும். இரண்டு நடை ஆனால், சுமந்து போய், வெறுங்கையோடு திரும்பி, மறுபடி சுமந்து போக வேண்டும்: மூன்று கிலோமீட்டர். மூன்று நடை ஆனால் ஐந்து. பாரம் இரட்டிப்பானால் நடை மும்மடங்காகிறது. வீட்டில் உட்கார்ந்து "எதற்கும் இருக்கட்டும்" என்று திணிக்கும் மடக்கு நாற்காலிக்கு இந்தக் கணக்கு தெரியாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் விலங்குத்தோல் வணிகத்துக்காகக் கனடாவின் நீர்வழிகளில் போன பிரெஞ்சுக் கனடியப் படகோட்டிகள் சரக்கை 90 பவுண்டுப் பொதிகளாகக் கட்டினார்கள். அதாவது 41 கிலோ. ஒரு ஆள் ஒரு நடைக்கு வழக்கமாக இரண்டு பொதி. தோல் வாரின் அகன்ற நடுப்பகுதியை முன்னந்தலையில் மாட்டி, பொதியை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னால் குனிந்து ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். நம் ஊர்ச் சும்மாடு பாரத்தைத் தலைக்கு மேலே நிறுத்தும். இவர்களுடைய வார் பாரத்தை முதுகிலேயே விட்டுவிட்டு, அதன் இழுவையை மட்டும் தலை வழியாக முதுகெலும்புக்கு இறக்கியது. இரண்டிலும் தத்துவம் ஒன்றுதான்: தோள்பட்டையின் தசையை நம்பாதே, எலும்பை நம்பு. இன்றும் சிலர் அந்த வாரைப் பயன்படுத்துகிறார்கள். நான் ஒரு தடவை முயன்றேன், கழுத்து மூன்று நாள் திரும்பவில்லை.

படகைத் தூக்குவதற்கு அதன் நடுவே குறுக்காக ஒரு கட்டை இருக்கும், தோளுக்கும் கழுத்துக்கும் ஏற்பச் செதுக்கியது. அதை நுகம் என்றே சொல்கிறார்கள். படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்தால், மாட்டின் நிலைமை என்னவென்று உடனே புரியும். 1944இல் போர் விமானம் செய்யும் க்ரம்மன் நிறுவனத்தின் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன், விடுமுறையில் கனமான மரக் கேனூவைச் சுமந்து சலித்துப்போய், விமானத்துக்குப் போடும் அலுமினியத் தகட்டிலேயே கேனூ செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்ததும் அது சந்தைக்கு வந்தது. பதினேழு அடிக்கு 34 கிலோ. பிறகு, 1965இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி க்வாலெக் கண்டுபிடித்த கெவ்லார் இழை வந்து அதை 20 கிலோவுக்கு இறக்கியது. குண்டு துளைக்காத அங்கியாகப் புகழ்பெற்ற இழை. என் தோளுக்கும் அது ஒரு பாதுகாப்புக் கவசம்தான்.

இனி அந்த ஜீன்ஸ் விஷயம்.

உடை நமக்குச் சூடு தருவதில்லை. ஐஸ் விற்பவர் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து சாக்கைப் போட்டு மூடி வைப்பார். மரத்தூள் ஐஸைச் சுடவைத்துவிடும் என்று யாரும் பயந்ததில்லை. பொதிந்து வைப்பது வெப்பத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வது இழைகளைவிட அதிகமாக, இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.025 வாட். தண்ணீருக்கு அது சுமார் 0.6. ஏறக்குறைய 24 மடங்கு. துணியின் துளைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், நாம் போட்டிருப்பது உடை என்பதைவிட வெப்பம் வெளியே ஓட ஒரு மதகு என்பது பொருத்தம்.

அதோடு நிற்கவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதும் இதனால்தான். ஒரு கிலோ தண்ணீர் தோலின் சூட்டில் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். நன்றாக நனைந்த ஜீன்ஸும் சட்டையும் சேர்ந்து ஒரு கிலோ தண்ணீரை எளிதில் பிடித்து வைத்திருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். அப்படியானால் அந்த உடையை உலர்த்த, உடல் ஆறரை மணி நேரம் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் போக வேண்டும். உணவுக் கணக்கில் 570 கலோரி. தட்டு நிறையச் சோறு. உண்மையில் அந்தச் செலவில் ஒரு பங்கைக் காற்றும் வெயிலும் ஏற்கும், எல்லாம் உடலின் தலையில் விழாது. ஆனால் அன்றைக்கு வெயில் இல்லை. காற்று இருந்தது, அது என் கட்சியில் இல்லை.

உடம்பு இந்த இழப்பை உணர்ந்ததும் முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து நடுவில் இருக்கும் உறுப்புகளைக் காக்கப் பார்க்கிறது. விரல்களுக்குத் தகராறு வருவது அதனால். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். அப்போது நடுக்கத்தோடு பேச்சுக் குழறும், முடிவெடுக்கும் திறன் மங்கும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சாதிக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பருத்தியைவிட நல்ல துணி கிடையாது. வியர்வையை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்கி உடம்பைக் குளிர வைக்கிறது. அதே குணம், மாற்றமே இல்லாமல், அல்கான்குவினில் எதிரியாகிவிடுகிறது. வட அமெரிக்க மலையேறிகள் பருத்தி ஆளைக் கொல்லும் என்று பழமொழி மாதிரிச் சொல்வார்கள். பருத்தி நெய்து பிழைத்த ஊரிலிருந்து போனவனுக்குக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பதிலுக்கு என்ன? கம்பளி, அல்லது பாலியெஸ்டர். இங்கே ஒரு புதிர். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். கம்பளி சுமார் 16 சதவீதம். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. கம்பளி பருத்தியைவிட இரண்டு மடங்கு ஈரம் குடிக்கிறது. பிறகு எப்படி அது நல்ல பிள்ளை?

ஈரம் எங்கே போய் உட்காருகிறது என்பதில் இருக்கிறது விடை. கம்பளி இழையின் மேற்புறம் செதில்செதிலாக, மெழுகுத்தன்மையோடு தண்ணீரைத் தள்ளும். ஆவியாக வரும் ஈரம் மட்டும் உள்ளே நுழைந்து இழைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தோலுக்கு ஈரம் தெரிவதில்லை. தவிர, கம்பளி இழை இயல்பாகவே சுருள் சுருளானது. நனைந்தாலும் அந்தச் சுருள் பெருமளவு நிமிர்ந்தே நிற்பதால் நடுவில் காற்றுக்கு இடம் மிஞ்சுகிறது. பருத்தி நனைந்ததும் துவண்டு போய்த் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டரின் வழி இன்னும் நேரடியானது. இழைக்குள் தண்ணீரை விடுவதே இல்லை. உதறினால் பாதி போய்விடும், மிச்சம் உடம்புச் சூட்டில் சீக்கிரம் உலரும். நனைந்த கம்பளியும் குளிரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது குச்சியை உரச விடும்.

பாலியெஸ்டருக்கு இரண்டு குறை. நெருப்புப் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். நாலு நாள் போட்டால் நாற்றம் கூடாரத்தைக் காலி செய்ய வைக்கும். எனக்கு உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி, மேலே பாலியெஸ்டர் ஃப்ளீஸ் என்பதில் சமாதானம்.

அதற்கும் மேலே மழைக்கோட்டு. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது, அது அறுந்துபோகாமல் நுண்துளைகள் நிறைந்த சவ்வாக நீண்டது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி மூலக்கூறு தாராளமாகப் போகக்கூடிய துளைகள். மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகும் என்று விற்றார்கள். அறிவியலாக அது உண்மை. விளம்பரத்தில் சொல்லாத ஒரு நிபந்தனை உண்டு: ஆவி தானாக வெளியேறாது, உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். வெளியே குளிர்ந்து உலர்ந்திருந்தால் கோட்டு மூச்சுவிடும். ஜூலை மாதத்துப் புழுக்கமான மழையில், முதுகில் இருபது கிலோவோடு ஏறும்போது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் உள்ளே வியர்வையில் குளிப்பீர்கள். அதனால் போர்ட்டேஜில் நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிருகிற மாதிரி உடுத்துவதே சரி. கரையில் இதமாக இருந்தால் காட்டுக்குள் நூறு அடி போவதற்குள் வியர்த்துவிடும்; அந்த வியர்வையும் மழைத் தண்ணீரைப் போலவே துணியின் காற்றைத் துரத்தும்.

இத்தனை நாள் பயணம், இத்தனை உடை என்று எண்ணிக் கட்டுவது கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வழக்கம். கேனூக்காரர்களிடம் கணக்கு இரண்டே இரண்டுதான்: ஈர உடுப்பு, உலர் உடுப்பு. பகல் முழுவதும் ஈர உடுப்பு. படகிலிருந்து இறங்கும்போது முழங்கால் தண்ணீரில்தான் கால் வைக்க வேண்டியிருக்கும்; காலணியைக் காப்பாற்றப் பார்த்துப் பாறையில் வழுக்கி விழுவதைவிட நனைவதே மேல். கரை சேர்ந்து கூடாரம் போட்ட பிறகு உலர் உடுப்பு. அது எந்த நிலையிலும் நனையக் கூடாது. ஒரு மெல்லிய உள்ளுடை, ஃப்ளீஸ், கம்பளிக் குல்லாய், கனமான கம்பளிக் காலுறை. பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அதன் மேல் கை வைக்கக் கூடாது என்பார்கள். ஆபத்து என்று வந்தால் இந்த விதி ரத்து. நண்பர் என் ஜீன்ஸைக் கழற்றச் சொன்னது அப்படிப்பட்ட ஒரு சமயத்தில்.

இரவுக்கு வருவோம். ஸ்லீப்பிங் பேகில் அடைப்பது பெரும்பாலும் வாத்து அல்லது கூஸ் பறவையின் மென்தூவி. நல்ல ரகத் தூவி ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், தளர விட்டால் 800 கன அங்குலம் பொங்கும். 13 லிட்டர். அரைக் கிலோ தூவி உப்பினால் 230 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது! பகலில் அதே பையை ஒரு குடத்துக்குள் அடங்கும் அளவுக்கு அமுக்கிவிடலாம். சுமப்பது அரைக் கிலோ தூவியை. இரவில் போர்த்திக்கொள்வது இருநூறு லிட்டர் அசையாத காற்றை. இதைவிடச் சிக்கனமான பொருள் இன்றுவரை எந்த ஆலையிலும் செய்யப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு பலவீனம், நனைந்தால் தூவி உருண்டை உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், பொங்காது. செயற்கை இழை கனம், ஆனால் நனைந்தாலும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.

இன்னொரு விஷயம் புதிதாகப் போகிறவர்களை ஏமாற்றும். எவ்வளவு விலை உயர்ந்த பையானாலும் முதுகுக்குக் கீழே அது வேலை செய்யாது. உடம்பின் கனத்தில் தூவி நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். பிறகு தரைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு துணிதான் மிச்சம். அதனால் அடியில் ஒரு விரிப்பு வேண்டும். மூடிய அறைகளாகக் காற்றைச் சிறைப்படுத்திய நுரைப்பாய் போதும், நசுங்கினாலும் அதன் காற்று எங்கும் ஓடாது. மெத்தைச் சுகத்துக்காக அல்ல, வெப்பத்துக்காகவே இது. பாயை விட்டுவிட்டு இன்னொரு போர்வை எடுத்துக்கொண்டவர்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து நெருப்பைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இந்தக் காற்றையெல்லாம் தண்ணீருக்கு நடுவே எப்படி உலர வைத்துக் கொண்டுபோவது? தோள்பைக்கு வெளியே போடும் மழை உறை மழைக்கு மட்டும் சரி. படகு கவிழ்ந்தால் தண்ணீர் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும். ஆகவே பாதுகாப்பு உள்ளே இருக்க வேண்டும். கனமான பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் பொருளை வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டினால் போதும். காசிருந்தால் டிரை பேக் என்னும் நீர் புகாத பை வாங்கலாம். அதன் வாயை மூன்று தடவையாவது சுருட்ட வேண்டும். ஒவ்வொரு சுருட்டும் தண்ணீர் வரவேண்டிய பாதையை நீளமாக்கி, வளைத்து, நெரிக்கிறது. சோம்பலில் ஒரே சுருட்டோடு விட்டவர்களுக்கு வேறு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இப்படி அடைத்த மூட்டைக்கு யாரும் கேட்காத ஒரு குணம் வந்துவிடுகிறது. 60 லிட்டர் கொள்ளளவுள்ள பை, எடை 18 கிலோ. முழுக்க மூழ்கினால் அது விலக்கும் தண்ணீரின் எடை 60 கிலோ. ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி 42 கிலோ மேல்நோக்கிய விசை மிச்சம்! காட்டுப் பயணத்தின் மூட்டை, நல்லபடியாகக் கட்டியிருந்தால், ஒரு மிதவை. தண்ணீர் நிரம்பிய கேனூவில் அந்தப் பைகள் கட்டப்பட்டிருந்தால் படகின் வயிற்றில் தண்ணீருக்கு இடம் குறைகிறது. ஆனால் ஏரி நடுவே படகைக் கவிழ்த்து நீரைக் கொட்ட வேண்டுமென்றால் கட்டிய பைகள் தடை. கட்டுவதா விடுவதா என்று கேனூக்காரர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியச் சண்டை போடுவார்கள். நீண்ட கயிற்றின் ஒரு முனையில் பிணைத்துவிடுவது என் கட்சி: மிதக்கவும் மிதக்கும், ஓடியும் போகாது.

லைஃப் ஜாக்கெட் மூட்டைக்குள் போகும் பொருள் அல்ல. உடம்பில் இருக்க வேண்டியது. அதுவும் சிறைப்பட்ட காற்றுதான். சுமார் ஏழு கிலோ மேல்விசை. பெரிய ஆளுக்கும் போதும், ஏனென்றால் மனித உடல் தண்ணீரில் ஏறக்குறைய மிதக்கும் எல்லையில்தான் இருக்கிறது. ஆனால் அது குளிரைத் தடுக்காது. அல்கான்குவினுக்கு வடக்கே, ஒன்டாரியோவும் கியூபெக்கும் சந்திக்கும் எல்லையில் டெமிஸ்காமிங் ஏரி இருக்கிறது. 1978 ஜூன் 11 அன்று ஒரு பள்ளியின் கேனூப் பயணம் அங்கே முதல் நாளிலேயே கவிழ்ந்தது. பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்துபோனார்கள். உயிர்காப்பு அங்கிகள் இருந்தும், குளிர்ந்த நீர் அவர்களை விடவில்லை. ஜூன் மாதம். கரையில் கோடை.

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடலுக்கு என்ன ஆகிறது என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்தவர். 35 டிகிரிக்குக் கீழே தன் உள்வெப்பத்தை 30 தடவைக்கு மேல் இறக்கிப் பார்த்திருக்கிறார். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. பனிக்குளிர் நீரில் விழுந்ததும் வரும் திணறல் மூச்சை அடக்க ஒரு நிமிடம். கை கால்கள் பயன்படும்படி அசையப் பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். குளிர்நீரில் விழுந்தவர்கள் பலர் அந்த ஒரு மணி நேரம் வரை போவதில்லை. முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளிழுத்தோ, பத்து நிமிடத்துக்குப் பிறகு நீந்த முடியாமலோ மூழ்குகிறார்கள். அங்கியின் பட்டி மாட்டியிருந்தால் அந்த இரண்டு கண்டத்தையும் தாண்டலாம். படகின் அடியில் மடித்து வைத்திருக்கும் அங்கியைத் தேடிப் போட்டுக்கொள்ள முதல் நிமிடம் போதாது. பனி விலகி ஒரு மாதம்கூட ஆகாத மே மாத ஏரிகளில் கரையை ஒட்டியே போக வேண்டும் என்பதும் இதனால்தான்.

பூச்சிகளை மறந்தால் காடு மன்னிக்காது. மே நடுவிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈ. ஓடும் நீரில் பிறக்கும், கடித்த இடத்தில் ரத்தம் ஒழுகும். அது துணியைத் துளைக்காது, மணிக்கட்டிலும் கழுத்துப்பட்டியிலும் ஊர்ந்து உள்ளே போகும். கொசு துளைக்கும், பின்னலாடையின் கண்ணி அதற்குத் திறந்த ஜன்னல். ஆகவே நெருக்கமாக நெய்த நைலான் முழுக்கைச் சட்டை, வெளிர் நிறம், தொளதொளவென்று. அடர் நிறங்கள் இரண்டையும் கவரும். கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் கோமாளி மாதிரி இருக்கும், பார்க்கத்தான் யாருமில்லை. பூச்சி விரட்டியான டீட் 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. தோலைப் பொதுவாக ஒன்றும் செய்யாது, சில பிளாஸ்டிக்குகளையும் ஸ்பான்டெக்ஸையும் கரைக்கும். அதைத் தடவிய கையால் குளிர்க்கண்ணாடியைத் துடைத்த நண்பர் ஒருவர் அன்றிலிருந்து உலகத்தை மங்கலாகவே பார்த்தார்.

சாப்பாட்டில் தத்துவம் தலைகீழ். சுற்றிலும் நல்ல தண்ணீர் இருக்கும்போது உணவில் தண்ணீரைச் சுமப்பது அநியாயம். உட்காட்டுக்குள் தகர டப்பாவுக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் பூங்காவே தடை போட்டிருக்கிறது. க்ரீ பழங்குடியினரிடமிருந்து வந்த பெம்மிகன், காய்ந்த காட்டெருமை இறைச்சியைப் பொடித்து உருக்கிய கொழுப்பில் பிசைந்தது. தோல் வணிகப் படகுகள் அதை நம்பித்தான் மேற்கே போயின. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4. எடைக்கு எடை கொழுப்பே ராஜா. நம் சமையலறையில் இந்த அறிவு பரம்பரையாகவே இருக்கிறது. சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய், வெங்காய வடகம், எண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல்: ஈரத்தை ஒழித்து, எண்ணெயால் அடைத்து, எடையைக் குறைத்தது. அல்கான்குவினில் ஒரு மழை இரவில், வெறும் தண்ணீரில் வெந்த சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் உறைய வைத்து உலர்த்திய பாஸ்தாவைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களை இரக்கத்தோடு பார்த்தேன். வாசனை கரடிக்கும் எட்டும் என்பது ஒன்றுதான் பிரச்சினை. சாப்பாடும் பற்பசையும் மூடியிறுகிய பீப்பாயில், கூடாரத்திலிருந்து தள்ளி.

குடிநீருக்கு வடிகட்டி. பீவர் போன்ற விலங்குகள் பரப்பும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி ஏரி நீரில் இருக்கலாம். வைக்கோல் போன்ற நுண்குழாய்களால் ஆன வடிகட்டி அதைப் பிடித்துவிடும். ஆனால் குழாய்களுக்குள் தங்கிய தண்ணீர் ஒரு இரவு உறைந்தால், விரிந்து அவற்றைக் கிழித்துவிடும்; வெளியே பார்த்தால் தெரியாது. உறைபனி வரும் இரவில் அதை ஸ்லீப்பிங் பேகுக்குள் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். வடிகட்டிக்கும் நம் தூவிக் காற்றில் கொஞ்சம் பங்கு.

படகில் ஏற்றும்போது கனமானது நடுவிலும் அடியிலும். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் ஆட்டம் குறையும். அலை வந்தால் இருக்கையை விட்டு முழங்காலிட்டு உட்காருவதும் அதற்காகவே. எதிர்க்காற்றில் போகும்போது மூட்டையைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் முன்முனை தண்ணீரைக் கடித்துக்கொண்டு போகும். இல்லையென்றால் காற்றாடிபோல் திருப்பிவிடும். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. அதற்கு அடியில் அன்றைய மதியச் சாப்பாடு. தீப்பெட்டி இரண்டு இடத்தில்.

எல்லாம் சரியாகக் கட்டினாலும் மூன்றாம் நாள் காலை ஒன்று வரும். ஏரியின் மேல் மூடுபனி, தூரத்தில் லூன் பறவையின் கூவல். கூடாரத்துக்குள் நீங்கள் உலர்ந்த கம்பளிக் காலுறையில், பஞ்சுக்குள் வைத்த முட்டை மாதிரி இதமாக இருப்பீர்கள். வெளியே கயிற்றில் நேற்றைய ஈர உடுப்பு தொங்கும். உலர்ந்திருக்காது. உலர் உடுப்பைக் கழற்றி, மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, காற்றை அமுக்கி வாயை முறுக்கிக் கட்டிவிட்டு, அந்தச் சில்லிட்ட ஈரக் காலுறைக்குள் வெறுங்காலை விட வேண்டும். நண்பர் அதை ஒரே மூச்சில் செய்வார். நான் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் செய்கிறேன்.